பதினோராவது டேக்

நடுப்புணியில் ஏறிய பெண்
காசை என் கையில் தரவில்லை.
பக்கத்து சீட்டில் வைத்தாள்.
இருபது ரூபாய்த் தாள், அதன்மேல் ஒரு நாணயம்,
காற்றில் பறந்துவிடாமல்.
படம் பார்த்துவிட்டாள் போல.

பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறை. ஒரு நாளைக்கு ஆறு நடை.
பதினான்கு வருஷமாக இதே தோல்பை, இதே விசில்.
பதினேழு நாள் லீவு போட்டு
ஒரு பிள்ளைக்கு இரண்டாம் அப்பனாக நடித்தேன்.
‘உங்க மூஞ்சியில கோபமே இல்ல, அதான் வேணும்’
என்றார் டைரக்டர் ஜோபின்.

வேலந்தாவளம் தாண்டித் தோப்புக்குள் ஓட்டு வீடு.
கணவாய்க் காற்று ஓயவே இல்லை.
மைக்கெல்லாம் தென்னை மட்டை உரசும் சத்தம்.
சவுண்டு பையன் மலையாளத்தில் காற்றைத் திட்டினான்,
டீ கொண்டுவந்தவன் தமிழில்.

சுபிஜா பிளஸ் ஒன் படிக்கிறாள், எருத்தேன்பதி.
ஸ்கூட்டரில் ஒருவர் கொண்டுவந்து விடுவார்.
மாமா என்றுதான் சொன்னாள்.
ஷாட் முடியும்வரை வண்டியைவிட்டு இறங்காமல்
எல்லோருக்கும் வணக்கம் வைப்பார்.
நல்ல மனுஷன் என்றது யூனிட்.

அன்றைக்கு அடிக்கிற சீன்.
நான் வர வேண்டும், கை ஓங்க வேண்டும்,
அவள் பின்னால் நகர வேண்டும்.
அவ்வளவுதான் எழுதியிருந்தது.
பத்து டேக் வீணாய்ப் போச்சு.
ஒன்றில் காற்று, ஒன்றில் என் கை தாமதம்,
ஒன்றில் ‘சாரிம்மா’ என்று சொல்லித் தொலைத்தேன்.

பதினோராவதில்
வியர்வையில் வாட்ச் பட்டை அரித்தது.
நடந்தபடியே கொக்கியைக் கழற்றினேன்.
டிக்.
இன்னும் எட்டடி தூரம்.
கை தொடையோடு தொங்குகிறது.

அவள் என்னைப் பார்க்கவில்லை.
இடது காதைப் பொத்தினாள், அதை மட்டும்.
பிறகு திரும்பி அடுப்பை அணைத்தாள்,
பால் பொங்கும் முன்.
கண்ணாடித் தம்ளரை எடுத்து
உடையாத உயரத்தில் வைத்தாள்.
சுவரோரம் போய், முகத்தை மூலைக்குக் கொடுத்து
நின்றாள்,
பஸ்ஸுக்கு நிற்பவள் மாதிரி.

கட் சொல்ல மறந்துபோனார் ஜோபின்.
கேமராக்காரர் கண்ணைத் துடைத்தார்.
அப்புறம் எல்லோரும் கைதட்டினோம். நானும்.
கைதட்டலுக்கு அவள் தோள் இன்னொரு முறை குறுகியது.
அதை யாரும் எடுக்கவில்லை.

டீ குடிக்கையில் கேட்டேன்,
அடுப்ப அணைக்கணும்னு யாரும்மா சொன்னது?
தென்னைகளுக்கு அந்தப்புறம் ஸ்கூட்டரைப் பார்த்தாள்.
‘பால் வீணாகும்ல அண்ணா.’

வெள்ளிக்கிழமை தியேட்டரில் அந்த இடத்துக்கு
விசில் இல்லை, இருமல்கூட இல்லை.
எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு அம்மாள்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.
‘எங்கிருந்து வந்தது இந்த நடிப்பு!’
என்று பேப்பரில் போட்டிருந்தான்.
கேள்விக்குறி போட்டிருக்கலாம்.

வாட்ச் கட்டுவதை விட்டுவிட்டேன்.
மணி கேட்கிறவர்களுக்கு டிரைவர் சொல்கிறார்.

இன்று காலை யூனிபார்மில் ஏறினாள் சுபிஜா.
சில்லறையை என் உள்ளங்கையில் வைத்தாள்,
விரல் பட.
இந்த வாரம் முழுக்க
என் கையைக் கண்டு ஒதுங்காத ஒரே ஆள்.
பின் கண்ணாடியில்
கொழிஞ்சாம்பாறை வரைக்கும் வந்தது ஸ்கூட்டர்.

ஸ்டாண்டில் எட்டு நிமிஷம் நிற்கும் வண்டி.
டிக்கெட்டின் பின்னால் நான்கு நாளாக
எழுதி வைத்திருந்த நம்பரை அழுத்தினேன்.
மலையாளத்தில் எடுத்தால்
எனக்கு அந்த மொழியில் டிக்கெட், சில்லறை, இறங்கு,
அதற்குமேல் வராது.
டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார்.

‘நிங்ஙள் எந்தா கண்டது?’
ஒரு பெண் குரல்.

அடுப்பை அணைத்தாள் என்று ஆரம்பித்தேன்.