இரண்டாவது பிரேக்

வெள்ளையில் பதினேழு வெள்ளை உண்டு.
பால் வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை, நீலம் தொட்ட வெள்ளை,
ஸ்வீடன்காரன் கண்ணுக்கு மட்டும் தட்டுப்படும் ஒன்று.
அந்த வித்தியாசத்துக்குத்தான்
பதிமூன்று வருஷம் எனக்குச் சம்பளம்.
பிடித்தம் போக ஒரு லட்சத்து எட்டாயிரம்,
தீபாவளிக்குப் போனஸ், கூடவே ஒரு குத்துவிளக்கு.
அட்டைகூடப் பிரிக்காமல் பரணில் ஒன்பது நிற்கின்றன.

யாரும் திட்டியதில்லை.
முதலாளியே "ஏனுங் மேடம்" என்றுதான் ஆரம்பிப்பார்.

ஒரு ராத்திரி
மகளுக்குக் காய்ச்சல் பார்த்த கையோடு
அளவுத்தாளைத் திருத்தி அனுப்பினேன்.
கழுத்துச் சுற்றளவு என்ற கட்டத்தில்
நூற்றிரண்டு என்று போயிருக்கிறது.
சிரிக்கும் பொம்மையோடு பதில் வந்தது:
யானைக்கா?
நானும் சிரித்தேன்.
அப்புறம் குளியலறையில் பக்கெட்டைக் கவிழ்த்து
அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்,
மோட்டார் போட்ட தண்ணீர்
தொட்டி நிறைந்து வழிகிற வரை.

மோகனசுந்தரம் வேண்டாமென்று சொல்லவில்லை.
கரண்ட் பில்லின் பின்பக்கம் கூட்டினார்.
வீட்டுக் கடன், பள்ளிக்கூடம், அத்தையின் மாத்திரை.
மறுபடி மேலிருந்து கூட்டினார்,
ஏதோ ஓர் எண் மனசு மாறிவிடும் என்பதுபோல.

சென்னிமலையில் ஒரு காதுகுத்து. ஒறம்பரை கேட்டார்கள்:
"கம்பெனியில ஏதுங் கசப்புங்களா கண்ணு?"
இல்லீங்.
"ஒடம்புக்கு?"
இல்லீங்.
"அப்பறம்?"
அதற்குள் இலை போட்டுவிட்டார்கள்.

ஆறுச்சாமி டிரைவிங் ஸ்கூல், காங்கேயம் ரோடு.
"பொம்பளைங்க சொல்லிக் குடுத்தாத் தேவலைன்னு
நெம்பப் பேரு கேக்கறாங்" என்றார்.
பத்தொன்பதாயிரம். ஞாயிறு அரை நாள்.
எனக்கு ஒதுக்கிய இருக்கை இடது பக்கம்.
அங்கே ஸ்டியரிங் கிடையாது,
ஆக்சிலேட்டர் கிடையாது.
ஒரு கிளட்ச், ஒரு பிரேக்,
மேலே எனக்கென்று குட்டியாய் ஒரு கண்ணாடி.

மூன்றாவது மாதம் வெண்ணிலா வந்தாள்.
பழைய கம்பெனியில் செக்கிங் டேபிள்.
முகம் ஞாபகமில்லை. அவள் ஒதுக்கிய துணிகளில்
ஒட்டியிருந்த சிவப்பு அம்புக்குறி ஞாபகம் இருக்கிறது,
இம்மி பிசகாது.
சீட்டு எடுத்துப் பழைய ஆம்னி வாங்கியிருக்கிறாள்,
விடியுமுன் கடைகளுக்கு இட்லி மாவு போட.
நான் கதவைத் திறந்துவிட்டதும்
உட்காராமல் நின்றாள்.
"மேடம், நீங்களா?"

நொய்யல் பாலத்து ஏற்றத்தில் வண்டி நின்றுபோனது.
பின்னால் பல்லடம் பஸ், ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை.
"நீங்களே எடுத்துடுங் மேடம்."
எங்கிட்ட ஸ்டியரிங் இல்லீங்.
"மேடம்..."
வெசையா வேண்டாம். கிளட்சை மெல்ல விடுங்க.
இன்னுங் கொஞ்சம்.
வண்டி நடுங்கும். நடுங்கட்டும்.
நடுக்கம் வந்ததுக்கு அப்புறந்தான்
பிரேக்கிலிருந்து காலை எடுக்கோணும்.

நடுங்கியது. சாவிக்கொத்து, கண்ணாடி,
டேஷ்போர்டில் ஒட்டிய முருகன்,
அவள் முழங்கை, என் முழங்கால்.
என் பாதம் பிரேக்குக்கு மேலே
நாலு விரற்கடை உயரத்தில், தொடாமல்.
ஒரு லட்சத்து எட்டாயிரத்தில் ஒரு நாள்கூட
என் பாதம் எங்கே இருக்கிறதென்று
நான் அறிந்ததில்லை.

சின்னதாய் ஓர் எகிறல்.
ஏறிவிட்டாள்.

இதெல்லாம் சரி.
இந்த மாதம் பள்ளிக் கட்டணம் இரண்டு தவணையாய்.
குத்துவிளக்கில் நாலைப் பாத்திரக்கடையில் எடை போட்டாயிற்று.
பாதி ராத்திரி விழித்துக்கொண்டு
இல்லாத மெயிலுக்குப் போனைத் தடவுகிறேன்.

பாலத்தின் உச்சியில் வெண்ணிலா
பயம் விட்டு ஒரு நொடி கீழே பார்த்தாள்.
"தண்ணி இன்னிக்கு என்ன கலருங் மேடம் அது?"
எனக்குத் தெரியும்.
பெயர் தெரியும், ஷேடு கார்டில் எண் தெரியும்,
எந்த நாட்டுக்குப் போகிறதென்றும்
ஓரளவு தெரியும்.
ரோட்டைப் பாருங்க, என்றேன்.
ரெண்டாவது கியர்.