மூன்றாவது மன்றாட்டு

ஆறரைப் பூசைக்கு மன்றாட்டு வாசிக்கிறது
பதினோரு வருசமா நான்தான்.
தாண்டவன்வெளிக் கோயில் மைக்குக்கு
என் குரல் பழகிப்போச்சு.

முதலாவது திருச்சபைக்கு.
இரண்டாவது நாட்டுக்கு.
மூன்றாவது எப்பவும் நோயாளிகளுக்கு.

போன வருசம் முழுக்க அந்த மூன்றாவதில்
சொல்லாமல் ஒரு பேர் வைத்திருந்தேன்:
செலஸ்ரின். என் தம்பி.
திங்களும் வியாழனும் டயலிசிஸ்.
"நோயாளிகள்" என்ற பன்மைக்குள்
அவனை ஒளித்து அனுப்பினேன்,
ரிக்கற் எடுக்காத பிள்ளையை
பஸ்ஸில் மடியில் இருத்திக் கூட்டிப்போவது போல.

ஒன்பது நாள் நவநாள். பிறகு இன்னொரு ஒன்பது.
இறைச்சியை விட்டேன், பிறகு மீனையும்.
கிரியேற்றினின் ஏழிலிருந்து ஆறுக்கு இறங்கின கிழமை
அந்தோனியாருக்கு ஒரு பெட்டி மெழுகுதிரி.
அடுத்த கிழமை ஒன்பது.
நான் வங்கியில் வேலை.
இருபது ரூபா பிசகினாலும்
இரவு எட்டு மணி வரை இருந்து தேடுவோம்.
இதில் தேட
ஒரு புத்தகமும் எனக்குத் தரப்படவில்லை.

பன்னிரண்டாம் கட்டில்காரர்
எழும்பி வீட்டுக்கு நடந்தே போனார்.
அவர் மனுசி என் கையைப் பிடித்து
"ஆண்டவர் பெரியவர் கா" என்றா.
ஓம் என்றேன்.
அந்த ஓம்
சோற்றில் கல்லாகப் பல்லில் கடிபட்டது.

செலஸ்ரின் மாசியில் போனான்.
"அவருடைய சித்தம்" என்றார்கள்,
தேத்தண்ணியை ஊதி ஊதி.

கோயிலை நான் விடவில்லை.
கோபம் என்றால் விட்டிருப்பேன்.
கல்லடிப் பழைய பாலத்து இரும்பு
ஒரு நாளில் விழுகிறதா?
வாவிக் காற்று ஒவ்வொரு இரவும்
நகக்கண் அளவு தின்னும்.
மேலே பெயின்ற் அப்படியே இருக்கும்.
ஆட்கள் நடப்பார்கள்.

போன ஞாயிறு, மூன்றாவது.
தாளில் எழுத்து இருந்தது.
வாய் திறந்தேன், வரவில்லை.
மேலே மின்விசிறி கிறீச்சிட்டது.
ஒரு மூச்சு. இன்னொன்று.
பிறகு சனம் முழுக்க, பழக்கத்தில்,
நான் வாசிக்காததற்குப் பதில் சொன்னது:
"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

நாலாவதை வாசித்தேன். அது மழைக்கு.

வாசலில் சிஸ்டர் கேட்டா:
"இடையில மைக் வேல செய்யல்லயா கா?"
"ஓம் சிஸ்டர். மைக்தான்."

அந்தத் தாளை மடித்து
அவனுடைய கிளினிக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன்.
மழை இன்னும் வரவில்லை.
வருகிற ஞாயிறும் என் முறைதான்.