ஐம்பத்தொன்பதாவது ராடு

குண்டடத்துக்கு மேற்கே, ராத்திரி ரெண்டரை.
மயிலாத்தாள் காட்டில் இது ஏழாவது போர்.
முந்தின ஆறும் புகை.
உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடந்த ஆள்
வேலியோரம் நின்றார்.
தேங்காய் எழுந்து நின்றது.
அங்கேதான் லாரியை நிறுத்தினோம்.

நான் திருச்செங்கோட்டு வண்டிக்காரன்.
பதினெட்டு வருசமாகப் பூமியில் ஓட்டை போடுகிறேன்.
செம்மண், சுக்கான், கருங்கல், வெள்ளைக்கல்,
கீழே எது அரைபடுகிறதென்று
கண்ணை மூடி மூக்கால் சொல்வேன்.

எழுநூறு அடி. புகை.
ஆயிரம். புகை.
"இன்னொரு நூறு போடு சாமி,
வந்தது வந்துட்டீங்க."
சங்கிலி அடகுக்குப் போய்
கழுத்தில் சரடு மட்டும் மிச்சம் அந்தம்மாளுக்கு.
போட்டேன்.

ஆயிரத்து நூற்றி அறுபதில் புகையும் நின்றது.
கம்ப்ரசர் கத்துகிறது, காற்று இறங்குகிறது,
மேலே வரவில்லை.
பாறையில் வெடிப்பிருந்தால் காற்று தொலையும்.
அது எனக்குத் தெரியும்.
அணைக்கச் சொன்னேன்.
அணைத்த பிறகு
தொலைந்த காற்று
மெல்ல வெளியே வந்தது.
மறுபடி உள்ளே போனது.
கேசிங் பைப்பின் வாயில் படிந்திருந்த தூள்
முன்னே நகர்ந்தது, பின்னே நகர்ந்தது.
அதற்கு என்ன பெயரென்று
நின்ற நாலு பேருக்கும் தெரியும்.
ஒருத்தரும் சொல்லவில்லை.

சுக்ராம் பஸ்தர்க்காரன்.
ராடு எண்ணுவது அவன் வேலை.
லாரிப் பலகையில் சாக்பீஸ் கோடு,
நாலுக்குக் குறுக்கே ஒன்று.
இறங்கினது ஐம்பத்தெட்டு.
தூக்கினோம்.
ஒவ்வொன்றாய்க் கழற்றி அடுக்கி, ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு,
ஹேமர் தொங்கவேண்டிய இடத்தில்
இன்னொரு ராடு.

எங்களது இல்லை.
இரும்பா, கொம்பா, தெரியவில்லை. வியர்த்திருந்தது.
மரை மட்டும்
எங்கள் மரைக்கு அளவெடுத்து வெட்டினது,
பிசிர்கூட இன்னும் உதிரவில்லை.
நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்த
அந்த அரை மணி நேரத்தில்
யாரோ உட்கார்ந்து வெட்டியிருக்கிறார்கள்.

டார்ச்சைத் திருப்பினான் சுக்ராம்.
உடம்பெல்லாம் கீறல்.
நாலுக்குக் குறுக்கே ஒன்று.
நாலுக்குக் குறுக்கே ஒன்று.
முந்நூறு வரை எண்ணினோம்,
அதற்குமேல் எண்ண நாக்கு வரவில்லை.
நாங்கள் ஐம்பத்தெட்டு இறங்கியிருந்தோம்.
அவர்கள் அவ்வளவு ஏறியிருந்தார்கள்.

அதைத் திரும்ப உள்ளேயே போட்டோம்.
விழும் சத்தத்துக்குக் காது கொடுத்து நின்றோம்.
ஒரு பீடி எரிந்து முடிந்தது.
விழவில்லை.
பிடித்துக்கொண்டார்கள்.

விடிவதற்குள் வாயில் தகடு வைத்து வெல்டிங்.
பில்லில் 'புகை' என்று எழுதிப் பாதி காசு வாங்கினேன்.
"துளிகூட இல்லீங்களா?"
"இல்லீங்."
மயிலாத்தாள் தகட்டின்மேல் கால் வைத்து நின்று கேட்டாள்.
"அக்கட்டால வாங்க" என்று
நான் போட்ட சத்தத்தில் மிரண்டு போனாள்.

சுக்ராம் மூன்றாம் நாள் ஈரோட்டில் ரயிலேறினான்.
ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தான்.
"இங்கேயும் இருக்கு அண்ணா"
அவ்வளவுதான். நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை.

இந்தத் தாலுக்காவில் மட்டும்
நான் போட்ட ஓட்டை எண்ணூற்றிச் சொச்சம்.
அத்தனைக்கும் நான்தான் வாய் திறந்துவிட்டவன்.
வறண்டவன்தானே தோண்டுவான்?
அவர்களுக்கு எது வற்றிப்போனது,
மேலே நம்மிடம்
எது ஊறுகிறது?

வண்டியை விற்றாயிற்று.
வீட்டில் சிமெண்டுத் தரை, அதன்மேல் கட்டில்.
ராத்திரி ரெண்டரைக்குத் தரைக்குள்
லேசாக ஒரு நடை கேட்கும்,
வாசல் பக்கமிருந்து, சமையல்கட்டைத் தாண்டி,
அவசரமே இல்லாமல்.
நான் கட்டிலை இழுத்து மாற்றிப் போட்டால்
அதுவும் திசை மாற்றும்.

கீழே ஒருவன்
உள்ளங்கையில் எதையோ படுக்கவைத்து நடக்கிறான்.

நேற்று என் முதுகுக்கு நேர் கீழே
நடை நின்றது.