கோடைப் பயிற்சி

படிவம் குடும்பப் பெயர் கேட்டது.
ஓயுனுக்கு அப்படி ஒன்று கிடையாது.
அப்பா பெயரின் முதலெழுத்து, ஒரு புள்ளி,
அப்புறம் அவள்.
எனக்கும் அதே கணக்குதான்: சு. முப்பிடாதி.
வள்ளியூர் ஸ்டேஷன் ஏட்டு
மங்கோலியா எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை.
'நம்மள மாரிதாம்லா' என்று
கட்டத்தில் கோடு போட்டுவிட்டார்.

முதல் நாளே பணகுடிக் காற்று
அவள் தொப்பியை ராதாபுரம் பக்கம் கொண்டுபோனது.
வாட்ச்மேன் சுடலைக்கண்ணு சொன்னார்:
'காத்து ஓயாத ஊருக்கு
ஓயுன்னு ஒரு பிள்ள வந்திருக்கு.'
அவள் பாஷையில் அதற்கு அறிவு என்று அர்த்தம், சொன்னேன்.
'அதுவும் நம்ம ஆபீசுக்கு வேணும்' என்றார்.

அவள் கடிதத்தில் கோடைப் பயிற்சி என்றிருந்தது.
கத்திரி முடிந்து மூன்று வாரம்,
மலையில் சாரல் இறங்கியாச்சு,
இதிலென்ன கோடை என்று கேலி பேசினோம்.
மேல்காற்றுக்கும் பழைய தமிழில் கோடை என்றே பேர்.
பள்ளிக்கூடத்தில் படித்தது,
ராத்திரி படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.
சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கிறாள்.

எட்டாம் நம்பர் காற்றாடிக்குக் கீழே
ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தேன்.
ஒரு வாய் குடித்தாள்.
சோற்றுப் பொட்டலத்தில் ஊறுகாய்க்குப் பக்கத்திலிருந்த உப்பை
ஒரு சிட்டிகை எடுத்து அதில் போட்டாள்.
சீனிக்கு மேலே உப்பு.
நான் வாயைத் திறக்கவில்லை.
கொய்யாவுக்கு நான் மிளகாய்ப்பொடி தொட்டபோது
அவளும் சும்மாதானே இருந்தாள்.

சாப்டாச்சா?
கேட்டில், பஸ்சில், கன்ட்ரோல் ரூமில்,
கக்கூசுக்குப் போகும் வழியில்கூட.
இல்லை என்றால் என்ன செய்வார்கள் என்று கேட்டாள்.
சொல்லிப் பாரேன் என்றேன்.
சொன்னாள்.
ஸ்டோர் கீப்பர் எஸ்தர் அக்கா
டிபன் பாக்ஸைத் திறந்து
பாதிக் கூட்டாஞ்சோற்றை இலையோடு தள்ளிவிட்டார்.
அன்றிலிருந்து 'ஆச்சு' என்றே சொல்கிறாள்,
சாப்பிடாத நாளிலும்.
அவர்கள் பக்கம்
ஆடுமாடு கொழுத்திருக்கிறதா என்று விசாரிப்பார்களாம்.
அங்கேயும் யாரும் இல்லை என்பதில்லையாம்.

ஆடு என்றதும் ஞாபகம்.
கோபுரத்து நிழலில் ஒரே வரிசையாகப் படுத்து
நிழல் நகர நகர நகரும்
லிங்கத்துரையின் ஆடுகள்.
வருகிறவர்களெல்லாம் போட்டோ எடுப்பார்கள்.
இவள் எண்ணினாள்.
'நாற்பத்தொன்று. அந்தக் கறுப்பு நொண்டுகிறது,
முன்னங்கால், இடது.'
லிங்கத்துரை குளம்பைப் பிளந்து பார்த்தார். உடைமுள்.
அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசுவதில்லை,
நேராக அவளிடம்தான்.
அவர் தமிழில், அவள் அவள் மொழியில்.
நடுவில் இங்கிலீஷோடு நான் போய் நின்றேன்,
ஒருவரும் கேட்கவில்லை.

ஆடி இரண்டாம் வாரம்.
நொடிக்குப் பதினாலு மீட்டர்.
சென்னையிலிருந்து போன்:
குறைங்க, லைன்ல இடமில்ல.
ஞானதிரவியம் சார் பட்டனை அழுத்தினார்.
ஒவ்வொன்றாக இறக்கைகள்
காற்றுக்கு விளிம்பைக் காட்டி நின்றன.
அத்தனை காற்றில் அசையாமல்
முப்பத்தாறு காற்றாடி.

என்ன கோளாறு என்றாள்.
கோளாறு இல்லை. வாங்க ஆள் இல்லை.

வெளியே வந்து நின்றாள்.
தலைமுடி கிழக்கே போய்க்கொண்டிருந்தது.
ஒரு பனிக்காலம் பாதி மந்தையைக் கொண்டுபோனதாம்.
மீதியை விற்ற மறுநாள் காலையில்
எங்கள் அப்பா இப்படித்தான் நின்றார் என்றாள்.
அதே இடத்தில். அதே நேரத்துக்கு எழுந்து.
சாயங்காலம் வரை.

என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.
தெரியாதபோது எங்களுக்கு வாயில் வருவது ஒன்றுதான்.
சாப்டாச்சா?

'இல்ல' என்றாள்.
தமிழில்.

எஸ்தர் அக்கா வீடு ஒன்றரை கிலோமீட்டர்.
முதுகுப் பக்கம் காற்று.
நாங்கள் பாதிதான் நடந்தோம்.
மீதியை அது தள்ளிக்கொண்டு வந்தது.