மைனஸ் முப்பத்தொன்று

என் முதல் நிரல். பதினொரு வரி.
வின்னிபெக், சார்ஜென்ட் அவென்யூ, நிலவறை வீடு.
வெளியே எத்தனை டிகிரி என்று கேட்கும்;
மைனஸ் பதினைந்துக்குக் கீழே போனால்
காரைச் செருகு என்று சொல்லும்.
இந்த ஊரில் காருக்கும் ராத்திரி மின்சாரம் ஊட்ட வேண்டும்,
ஊட்டாவிட்டால் விடியும்போது எஞ்சின் கல்.

ஒத்திகைக்குப் பன்னிரண்டையும் ஏழையும் கூட்டச் சொன்னேன்.
நூற்று இருபத்தேழு என்றது.
அதன்மேல் தப்பில்லை.
நான் தட்டுவதெல்லாம் அதற்குச் சொல்;
சொல்லோடு சொல்லை ஒட்டித்தான் வைக்கும்,
வாழையோடு பழம்போல,
நடுவில் ஒரு ‘ப்’ கூட மிகாமல்.

சரி, வாசலில் ஒரு காவல்:
வந்தது எண்ணா பார். இல்லையா, திருப்பி அனுப்பு.
எனக்கொன்றும் புதிதில்லை இது.
‘கார் வந்தாள்’ என்று ஒருமுறை கட்டுரையில் எழுதி
சிவப்பு மையில் ‘வழு’ வாங்கியவன் நான்.

நள்ளிரவில் ரோலண்டோ வந்தான்,
பேக்கரியின் ஈஸ்ட் வாசனை, இமையில் உறைபனி.
கையுறையைக் கழற்றாமலே அடித்தான்:
கொல்லுது.
எண் மட்டும் தரவும்.
ரொம்ப.
எண் மட்டும் தரவும்.
சிரித்துவிட்டு, கைபேசியைப் பார்த்து, ஒழுங்காக:
-31
எண் மட்டும் தரவும்.

“இது எண் இல்லையென்றால் என் மூக்கைத் தொட்டுப் பார்” என்றான்.

காவலுக்கு இலக்கங்களைத்தான் தெரியும்.
முன்னால் நிற்கும் அந்தச் சின்னக் கோட்டை
யாரென்று கேட்டுத் திருப்பியனுப்புகிறது.
நவம்பரிலிருந்து ஊரே
அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் குடியிருக்கிறது.

வீம்புக்கு, தேடித் தேடி, ௩௧ என்று அடித்தேன்.
பத்து வயதில் ஒரு பரீட்சைக்காகப் படித்து
மறுநாளே மறந்த எண்கள்.
மறுபேச்சில்லாமல் உள்ளே விட்டது.
நல்ல வெயில், செருக வேண்டாம் என்றது.

காவலைக் கலைத்தேன்.
வருவது எதுவானாலும் எண்ணாக்க முயன்று பார்,
முறிந்தால் கையில் ஏந்திக்கொள்,
கோபிக்காமல் திரும்பக் கேள்.
நாலு வரிதான்; இரண்டு மணி நேரம் ஆயிற்று.
எழுதி முடித்தபின் உறைத்தது, இதற்கும் நம்மிடம் பெயருண்டு:
வழுவமைதி.
எங்கள் இருவருக்கும் பொதுவான பழைய கரோலாவை
ரோலண்டோ எப்போதும் ‘அவள்’ என்பான்.
தப்புத்தான். பிரியத்தில் சொன்னால் ஏற்றுக்கொள்வோம்.

இரண்டேகாலுக்கு -31 உள்ளே போனது.
காரைச் செருகு என்றது திரை.
கைகுலுக்கினோம்.
மிச்சமிருந்த பன்னை ஆளுக்குப் பாதி தின்று
தூங்கிப்போனோம்.

காலை ஆறேகால். சாவியைத் திருகினேன்.
க்ர்ர்.
பிறகு ஒரு டிக்.
பிறகு அதுவும் இல்லை.
முன்பக்கக் கிராதியில் மின்கம்பி
நேற்றுச் சுருட்டியது சுருட்டியபடி தொங்கியது.

தரையோடு ஒட்டிய ஜன்னலில் ரோலண்டோவின் பாதி முகம்:
“எழுந்தாளா?”

“எழவில்லை.”

அவனுக்கும் அவளுக்கும் அதற்கும் அதே சொல்தான்;
திணை இல்லை, பால் இல்லை,
சோதித்துப் பார்க்க அதில் ஒன்றுமே இல்லை.
பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.
“சீக்கிரம்” என்றான்.