கழிவு

குடிப்பீர்களா என்று கேட்டார் வக்கீல்.
கிறிஸ்துமஸுக்கு ஒரு கோப்பை வைன், என்றேன்.
ஃபைன்ஹோல்ட் அம்மையார் பேனாவை மூடினார்.
"மறுபடி கேட்கிறேன்.
இம்முறை ஒரு வருடத்தை மனதில் வைத்துக்கொண்டு
பதில் சொல்லுங்கள்."

நான் கணக்காளன்.
இல்லாத கம்பெனிகளுக்குப் பற்று வரவு எழுதி
ஐம்பத்தொரு மாதம் வாங்கியவன்.
ஐம்பத்தொன்றில் பன்னிரண்டு போக முப்பத்தொன்பது.
மாத்திரை உண்டு, என்றேன்.
பிறகு, ஊசியும்.

மினசோட்டாவில் ஜனவரி.
எல்லோருக்கும் முழுக்கைச் சட்டை.
கையைக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை.

காலை எட்டுக்கு நாற்காலிகளை வட்டமாகப் போடுவோம்.
ஒருவன் வானிலை வாசிப்பான், மைனஸ் இருபத்தாறு,
யாரும் எங்கும் போகப்போவதில்லை என்றாலும்.
ஒருவன் அன்றைய சொல்லை வாசிப்பான்.
ஒரு வாரம் முழுக்க 'நேர்மை' வந்தது;
பட்டியலை அச்சடித்தவன் பிழை.
குற்றம் கண்டவன் எழுந்து நின்று சொல்ல வேண்டும்:
"சகோதரா, நேற்று நீ தட்டைக் கழுவாமல் வைத்தாய்."
"நன்றி, சகோதரா."
பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாலும் செல்லும்.

நாற்பதாம் நாள் என் முறை.
கைவசம் கதை இல்லை.
பக்கத்துக் கட்டில் வெர்லின் ஸ்டாம்பர்,
கென்டக்கிச் சுரங்கத்தில் முதுகு நொறுங்கியவன்,
விளக்கணைந்ததும் சுவரைப் பார்த்துப் பேசுவான்.
என்னிடம் என்றில்லை.
அதிலிருந்து கொஞ்சம் எடுத்தேன்.
தொழில் பழக்கம்தான்:
ஒருவர் பேரில் இருப்பதை
இன்னொருவர் பேருக்கு மாற்றுவது.

பெட்ரோல் பங்க் பின்னால், காருக்குள்,
பெல்ட்டைப் பல்லால் இழுத்துக் கட்டினேன் என்றேன்.
குரல் தானாகவே உடைந்தது.
ஹால்வர்சன் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நேர் எதிரே வெர்லின்.
எழுந்து நிற்பான் என்று காத்திருந்தேன்.
குனிந்து
தன் ஷூவின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெர்லினுக்குக் கழிவு கிடையாது.
பிடிபட்ட அன்று டேஷ்போர்டுக்குள் மாமனாரின் கைத்துப்பாக்கி.
துப்பாக்கி இருந்தால் ஒரு நாள்கூடக் குறையாது.
அதே ஐந்நூறு மணி நேரம், அதே வட்டம், அதே பயிற்சி நோட்டு.
அவனுடைய ஏழு வருடம் ஏழு வருடமேதான்.
பிறகு எதற்கு வந்து உட்காருகிறாய் என்று
யாரோ கேட்டதற்கு
"இங்கே சத்தம் கம்மி" என்றான்.

அன்றிரவு சுவரை விட்டு என் பக்கம் திரும்பினான்.
"எடுத்துக்கிட்டது பரவாயில்ல.
சரியாச் சொல்லு.
பெல்ட் இல்ல.
என் பொண்ணோட ஷூ லேஸ். ஊதா.
பின் சீட்டுல ஷூவப் போட்டுட்டு
வெறுங்காலோட வீட்டுக்குள்ள ஓடிட்டா.
மறுநாள் ஸ்கூலுக்குக் கெளம்புறப்ப
ஒரு ஷூவுல லேஸ் இல்ல.
வீடு பூராத் தேடுனா.
நானும் சேர்ந்து தேடுனேன்."

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை
என்று எழுத ஆசைதான்.
வந்தது. நன்றாகவே தூங்கினேன்.

அக்டோபரில் சான்றிதழும் ஒரு துண்டு கேக்கும்.
எல்லோர் முன்னும் இன்னொருமுறை சொல்லச் சொன்னார்கள்.
பெல்ட் என்றே சொன்னேன்.
வெர்லின் கை தட்டினான்,
மற்றவர்கள் நிறுத்திய பிறகும் இரண்டு தட்டு.

வெளியே வந்து எட்டு மாதம்.
அந்த ஒரு வருடத்தில் செலவானது போக மீதி நான்கு:
பல் வைத்தியத்துக்குக் கொஞ்சம்,
தம்பி மகள் கல்யாணத்துக்குக் கொஞ்சம்,
பனி அள்ளியது, கார் சாவி தேடியது.
வெர்லினுக்கு ஒரு கடிதம் ஆரம்பித்தேன்.
தேதி போட்டிருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் இரவு
மாரிட் புட்டியோடு என்னிடம் வந்தாள்.
கோப்பையை உள்ளங்கையால் மூடினேன்.
வேண்டாம், எனக்கு அந்தப் பழக்கம் இருந்தது, என்றேன்.
மேசையில் எல்லோரும் மெல்லத் தலையாட்டினார்கள்.
முப்பது வருடம் என்னோடு வாழ்ந்தவள்
புட்டியைச் சாய்த்தபடியே
கொஞ்ச நேரம் நின்றாள்.