ஏழாம் நம்பர்

வேலைவாய்ப்பு மையம் என்று போர்டு மாட்டிய அறையில்
ஒரு பிரிண்டர், ஒரு பீரோ, நான்.
பீரோவில் ஃபைல் இல்லை, ஷூ.
போன செட் பையன்கள் விட்டுப்போன
கறுப்பு ஷூ ஐந்து ஜோடி.
இன்டர்வியூ காலையில்
எட்டாம் நம்பருக்குத்தான் அடிதடி.
ஒன்பது கிடைத்தவன்
நுனியில் செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு
வடபழஞ்சி கம்பெனிக்குப் போய்
வேலையோடு திரும்பினான்.
நடக்கச் சொல்லவில்லையாம்,
உட்காரவைத்தே கேட்டார்களாம்.
ஏழாம் நம்பரை யாரும் சீண்டுவதில்லை,
அதில் ஒரு லேஸ் பழுப்பு.

செல்லம்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிற சோலையழகுக்கு
எழுதச் சொன்னால் எல்லாம் வரும்.
உன்னைப் பற்றிச் சொல் என்றால்
அப்பா கல் உடைப்பதைச் சொல்கிறான்
தங்கச்சி பிளஸ் டூ என்கிறான்
போர் போட்டுத் தண்ணீர் வராததைச் சொல்கிறான்.
உன்னைப் பத்தி, தம்பி.
"அதானே மேடம் சொல்றேன்."

பதினேழு பேர் ரெஸ்யூமேயில்
ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை.
யாரைப் பார்த்து யார் எழுதியது என்று சத்தம் போட்டேன்.
மாதிரிக்கு நான் கொடுத்த தாளை
மெதுவாக மேசையில் வைத்தார்கள்.

மத்தியானம் ஒத்திகை நேர்காணல்.
நான்தான் கம்பெனி. நான்தான் எச்ஆர்.
மின்விசிறி நின்றுபோன நேரத்திலும்
ஏசியில் இருப்பதுபோல் முகம்.
கடைசியில், கேட்க ஏதாவது இருக்கா என்பார்கள்,
இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்,
ஒன்றாவது கேட்கணும்.
ஆஷிகா பர்வீன் கை தூக்கினாள்:
"இந்த வேலை பெர்மனன்ட் ஆக எத்தனை வருஷம் ஆகும் மேடம்?"

நல்ல கேள்வி
என்று போர்டில் எழுதினேன்.
எனக்குப் பதினோரு மாதம்,
நடுவில் ஒரு நாள் வேலையில்லை,
மறுபடி பதினோரு மாதம்.
போன ஆனியில் போட்டது ஐந்தாவது கையெழுத்து.
அந்த ஒரு நாளில்
பூட்டின கதவுக்கு வெளியே சோலையழகு
மூன்று மணி நேரம் நின்றிருக்கிறான்.

மார்ச்சில் எக்செல்லில் நாற்பத்தோரு வரிசை பச்சை.
மிச்சத்துக்குச் சிவப்பு அடிக்காதீங்க,
ஆய்வுக்குழு வருது, மஞ்சள் போதும் என்றார் துறைத்தலைவர்.
சோலையழகு மஞ்சள்.
இரண்டு கம்பெனி, இரண்டிலும் கடைசிச் சுற்று.

நேற்று ராத்திரி போன்.
பின்னால் கண்டக்டர் கூப்பாடு.
"ஆரப்பாளையத்துல நிக்கிறேன் மேடம்.
கோயம்புத்தூர்ல பம்பு கம்பெனி,
நீங்க அனுப்புனது இல்ல, மாமா பையன் சொன்னது.
அந்தப் பழுப்பு லேஸைத் திருப்பித் தரல,
கால்லதான் கெடக்கு."
வச்சுக்க என்றேன்.
பஸ் எடுத்துவிட்டார்கள்.

இவனை எந்தப் பத்தியில் போடுவது,
மையம் வழியாகவா, சொந்த முயற்சியா?
கர்சர் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

ஷூ நம்முடையது.
பச்சை அடித்தேன்.